நீர் இறங்கிய நிலம்

மதகு திறந்திருக்கும் நாட்களில் அந்த வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் சும்மா இருக்காது. தட்டு டம்ளரோடு உரசும், டம்ளர் கரண்டியோடு உரசும், எல்லாம் சேர்ந்து சன்னமாக முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அணையின் அடிவயிற்றிலிருந்து வெளியேறுகிற தண்ணீரின் அதிர்வு தரை வழியாக வந்து, சுவரேறி, அலமாரிப் பலகையில் உட்கார்ந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. வீட்டுக்காரர்களுக்கோ அது நின்றால்தான் தூக்கம் போகும்.

வீடு மதகுக்காரருடையது. வேலை இருக்கும் வரைக்கும் குடியிருந்துகொள் என்று கொடுத்த குவார்ட்டர்ஸ்தான், ஆனாலும் இத்தனை வருஷம் இருந்துவிட்டதில் அது அவருடையது மாதிரியே ஆகிவிட்டது. மேலிடத்திலிருந்து போன் வந்தால் மதகை ஏற்றுவார், இன்னொரு போன் வந்தால் இறக்குவார். அவர் மனைவியை எல்லாரும் பெரியவள் என்பார்கள். பிறந்த வீட்டில் மூத்தவள் என்பதால் வைத்த பெயர், சீர்வரிசையோடு கூடவே வந்துவிட்டது. அவளுக்கு அடுத்தவன் தம்பி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரத்துக்கு இந்த ஏரியிலிருந்து குடிதண்ணீர் ஏற்றுகிற பம்பு ஹவுசில் வேலை, சாப்பாடு அக்கா வீட்டில். கடைசியாகப் பிறந்தவள் சின்னவள். ஆற்றோடு கீழே போனால் எல்லைக்கு அந்தப் பக்கம், வேறோர் அரசாங்கத்தின் ஊரில், அவளுக்கு நெல் வயல்.

மதகை மூடினால் தம்பியின் நகரம் குடிக்கும். திறந்தால் சின்னவளின் வயல் குடிக்கும். தண்ணீர் தளும்புகிற வருஷங்களில் இது யாருக்கும் ஞாபகம்கூட வராது.

அந்த வருஷம் வானம் கையை விரித்துவிட்டது. ஏரி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது, யாரோ தூக்கத்தில் போர்வையை இழுத்துக்கொள்கிற மாதிரி. அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த பழைய தார்ச்சாலை ஒன்று தண்ணீருக்கடியிலிருந்து வெளியே வந்தது. அது எங்கேயோ கிளம்பி எங்கேயோ போய்க்கொண்டிருந்த சாலை. காலைப் பனியில் பெண்கள் கூடையும் கையுமாக அதில் இறங்கிப் போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முழங்கால் கரையும், இடுப்பு கரையும், கடைசியில் தலைகூடத் தெரியாது. பேச்சுச் சத்தம் மட்டும் தண்ணீர்மேல் மிதந்து கரைக்கு வரும்.

ஏரி விட்டுப்போன சேற்றில் தர்பூசணி போடத்தான் அவர்கள் போனார்கள். உழவு வேண்டாம், உரம் வேண்டாம். விரலால் குழி போட்டு விதையை அழுத்தினால் போதும், அடியில் இருக்கிற ஈரமே பழம் சிவக்கிற வரைக்கும் தாங்கும். யாருக்கும் பட்டா இல்லாத நிலம், ஏரி திரும்பி வந்தால் ஏரிக்கே போய்விடும். ஊரெல்லாம் மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்கும்போது, வந்துவிடக் கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான். வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் சொல்வதில்லை.

எதுவரைக்கும் விதைக்கலாம் என்று சொல்கிறவர் மதகுக்காரர். தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் மூங்கில் குச்சிகளில் பழைய துணியைக் கட்டி, சேற்றில் வரிசையாக நட்டுவிட்டு வருவார். குச்சிக்கு மேலே போட்டால் பயிர் தப்பும், கீழே போட்டால் அவரவர் பாடு. அவர் பயந்த சுபாவம். தண்ணீர் எதுவரைக்கும் ஏறக்கூடும் என்று கணக்குப் போட்டாலும், இன்னும் நாலு எட்டு மேலே தள்ளித்தான் குச்சியை நடுவார். இது அவருக்கும் பெரியவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். பெரியவள் வருஷாவருஷம் குச்சிக்குக் கீழே, அந்த நாலு எட்டு இடத்தில் நைசாக விதைத்துக்கொள்வாள். அங்கேதான் சேறு வெண்ணெய் மாதிரி இருக்கும். மற்ற பெண்கள் அவள் துணிச்சலை வியப்பார்கள்.

அப்பா, வீட்டு நிலத்தை, கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் என்று சின்னவளுக்கே எழுதிவைத்தபோது, பெரியவள்தான் முதலில் தலையாட்டினாள். மனசார ஆட்டினாள். ஆனால் மண் ஆசை தலையாட்டினால் போகிறதா? குவார்ட்டர்சைச் சுற்றி முழுக்கக் கான்கிரீட், ஒரு கீரை விதை தூவ இடமில்லை. அந்த வருஷம் ஏரி விட்ட இடம் அகலமாக இருந்தது. நாலு எட்டு என்பது கரை நெடுக ஒரு முழு வயலாக நீண்டு கிடந்தது. பெரியவள் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, இது என்னுடையது என்று நின்று பார்க்கிற அளவுக்கு விதைத்தாள். கொடி ஓடிற்று, பூத்தது, காய் உருண்டது. காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய் ஒவ்வொரு காயையும் விரலால் சுண்டிப் பார்ப்பாள். சத்தம் இன்னும் கெட்டியாகவே கேட்டது, பழுக்க நாளிருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் மதகுக்காரரும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வறுத்த மீனும் சோறும். ஏரி சுருங்கியதில் மீன் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. தம்பி ஒரு பாட்டிலைத் தரையில் வைத்தான். உள்ளே இருந்தது டீ மாதிரி இருந்தது.

"என்னடா இது?" என்றாள் பெரியவள்.

"இன்னைக்குக் காலைல நகரத்துக்கு ஏத்தின தண்ணி. ஞாபகார்த்தமா வச்சுக்க."

"வடிகட்டித்தானே ஏத்துவீங்க?"

"வடிகட்டிட்டுத்தான் இப்படி. குழாய் வாய்க்குக் கீழ தண்ணி போயிருச்சுக்கா. பம்பு தண்ணியும் காத்துமா உறிஞ்சுது. கெழவன் கஞ்சி குடிக்கிற மாதிரி சத்தம். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா வெறும் காத்தைத்தான் ஏத்தணும்."

"ஏத்து. காத்தாவது சுத்தமா இருக்கும்."

தம்பி சிரித்தான். சிரித்துவிட்டு, "ஆஸ்பத்திரில ஆபரேஷனை எல்லாம் தள்ளி வச்சுட்டாங்க," என்றான். பெரியவள் கரண்டியைச் சோற்றில் குத்தி நிறுத்தினாள்.

மதகுக்காரர் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய விஷயம் இருந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"இன்ஜினியர் போன் பண்ணாரு," என்றார். "ஆத்துக்கு மேல இருக்கற அணைக்காரங்க இறங்கி வந்துட்டாங்க. அவங்க அணையில இருந்து கொஞ்சம் தண்ணி விடறாங்களாம். குடிக்க மட்டும். ஒரு சொட்டு கீழ போகக் கூடாதுன்னு பேச்சு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மதகை இறக்கிடணும்."

"இறக்கினா?" என்றாள் பெரியவள். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"ஏரி ஏறும்."

"எதுவரைக்கும்?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சின்னவள். பெரியவள் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, இங்க என்னென்னமோ பேசிக்கிறாங்க. மதகை மூடப்போறாங்களாமே? மாமா இருக்காரா?"

"இருக்காரு. சாப்பிடறாரு."

"மாமா, கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே ஒரு நனைப்பு போதும். அதுக்கப்புறம் நீங்க மூடுங்க, பூட்டுங்க, சாவிய ஆத்துல வீசுங்க, நான் கேக்கவே மாட்டேன்."

"என் கையில என்னம்மா இருக்கு," என்றார் மதகுக்காரர்.

"உங்க கையிலதான் மாமா மதகே இருக்கு."

தம்பி குரல் கொடுத்தான். "நகரத்துல குடிக்கவே தண்ணியில்ல. நெல்லுக்குக் கேக்கறியே?"

"யாரு, அண்ணனா? போன வருஷமும் இதையேதான் சொன்னே. நாங்க காயப்போட்டோம். உன் ஊர்க்காரங்க கார் கழுவுனாங்க. இந்தத் தடவையும் நிறுத்தினீங்கன்னா, அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அக்கா, கேட்டுக்க."

"நான் கார் கழுவல," என்றான் தம்பி. ஆனால் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அலமாரியில் பாத்திரங்கள்தான் பேசின. பெரியவள் தம்பியின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். அவன் வேண்டாம் என்று கையைக் குறுக்கே நீட்டினான். அந்தக் கைமேலேயே வைத்தாள்.

அவர்கள் போன பிறகு பெரியவள் அப்படியே தரையில் சாய்ந்தாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து காலடியில் படுத்திருந்தது. தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத ஒரு நேரம். ஏரியின் அடியில் அவள் நடந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே தண்ணீர் கூரை மாதிரி நின்றது, ஒரு சொட்டும் ஒழுகவில்லை. கூரையிலிருந்து காய்கள் கொடியோடு தொங்கின. தாவணி போட்டிருந்த வயதில் சின்னவள் ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே முன்னால் போனாள். தம்பி பின்னால் வந்து, "மெதுவாப் பேசுங்க, மேல தூங்கறாங்க," என்றான். மேலே யார் என்று அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் வயலுக்குப் போனபோது மதகுக்காரர் முன்னாலேயே வந்து சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேலை நேரத்தில் அவர் அங்கே வருகிறவர் இல்லை.

"பயப்படாதீங்க," என்றாள் அவள். "குச்சிக்குக் கீழ நாலு எட்டுதான் இறங்கியிருக்கேன். நீங்க எப்பவும் தள்ளித்தானே நடுவீங்க. தண்ணி வந்தாலும் என் கொடி நுனியைத் தொட்டுட்டுத் திரும்பிடும்."

அவர் செருப்பால் தாரைச் சுரண்டினார்.

"இந்த வருஷம் தள்ளி நடல."

"என்ன சொல்றீங்க?"

"பொம்பளைங்க எல்லாம் வந்து சண்டை போட்டாங்க. நல்ல சேத்தையெல்லாம் எங்களுக்குக் காட்டாம ஒளிச்சு வச்சிருக்கீங்க அண்ணேன்னு. நியாயமாத்தான் பட்டுது. உள்ளபடி எங்க வருமோ அங்கேயே நட்டேன்."

பெரியவள் குச்சிகளைப் பார்த்தாள். துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. குச்சிக்கு மேலே மற்றவர்களின் கொடிகள். கீழே முழுக்க அவளுடையது மட்டும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நான் வந்து பாக்கறப்ப நீ விதைச்சு முளைச்சே போச்சு. நீ அவ்வளவு சந்தோஷமா நின்னுட்டிருந்தே. எப்படிச் சொல்றது? மழையும் இல்ல, மேல இருக்கறவங்களும் விடமாட்டாங்க, எப்படியும் தப்பிச்சிரும்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குனிந்து ஒரு காயைத் திருப்பிவைத்தாள், வெயில் படாத பக்கம் மேலே வரும்படி. நாளைக்கும் மறுநாளைக்கும் வெயில் உண்டு என்கிற மாதிரி.

"இது பழுக்க எத்தனை நாள் வேணும்?" என்றார்.

"கேக்காதீங்க. நான் சொல்லுவேன், அப்புறம் நீங்க அதை மனசுல வச்சுக்கிட்டு அந்தப் போன்ல பேசுவீங்க."

இருட்டுவதற்குள் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்தே கரண்டு இல்லை. தண்ணீரிலிருந்து கரண்டு எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற அணையில், மதகை இறக்கக் கரண்டு இல்லை. ஜெனரேட்டர் போன மழைக்காலத்தில் ரிப்பேருக்குப் போனது, போன இடம் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டது. கையால் சுற்றி இறக்கலாம். மதகைத் தாங்கும் திருகு போட்ட இரும்புத் தண்டின் உச்சியில் ஒரு பல்சக்கரப் பெட்டியும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடியும் இருந்தன. ஆனால் இரண்டு ஆள் வேண்டும். அவரோடு வேலை பார்க்கிற கொட்டாவி, மகளுக்குப் பிரசவம் என்று லீவில் போயிருந்தார். வேலை நேரத்தில் வாயை மூடாததால் வந்த பெயர் அது.

"ஆள் அனுப்பறேன், ஆனா நாளைக்குத்தான் வந்து சேருவாங்க," என்றார் இன்ஜினியர் போனில். "மேல் அணைத் தண்ணி இன்னைக்கு ராத்திரியே அங்க வந்துடும். உங்களால முடியுமா பாருங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, நான் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

மதகுக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முடியவில்லை என்று ஒரு வார்த்தை. பொய்யும் இல்லை. வருகிற தண்ணீர் அப்படியே மதகு வழியாகக் கீழே போய்விடும். சின்னவளின் நெல் பால் பிடிக்கும், பெரியவளின் பழம் சிவக்கும். வீட்டில் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், தம்பியைத் தவிர. ஏரி நடுவில், நகரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சுகிற குழாய் இருக்கும் சிமென்ட் கோபுரத்தைப் பார்த்தார். அதன் உடம்பில் பாசி படிந்த பழைய நீர்மட்டக் கோடு இப்போதைய தண்ணீருக்கு எவ்வளவோ உயரத்தில் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு பெரியவள் அணைமேல் ஏறி வந்தபோது, அவர் தனியாகக் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒருவர் தள்ளினால் அது பாதிச் சுற்றில் நின்றுவிடும். ஓடிப்போய் அடுத்த பக்கத்துக் கைப்பிடியில் தொங்கி மீதியை இறக்க வேண்டும். திரும்ப இந்தப் பக்கம். சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார். முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் இந்த முதுகு இப்படி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் தூக்கைக் கீழே வைக்காமல் நின்றாள். அங்கேயிருந்து பார்த்தால் பழைய சாலையும், வெள்ளைத் துணிக் குச்சிகளும், அதற்குக் கீழே பச்சையாய் விரிந்த அவளுடைய வயலும் ஒரே பார்வையில் தெரிந்தன. காய்கள் தெரியவில்லை. ஆனால் எந்தக் கொடியில் எத்தனை என்று அவள் மனசுக்குத் தெரியும்.

"சாப்பிடுங்க," என்றாள்.

"அப்புறம்."

"இப்படிச் சுத்தினா எப்ப முடியும்?"

"முடியறப்ப முடியட்டும்."

"முடியலன்னு சொல்லிட வேண்டியதுதானே. அவர்தான் குத்தம் சொல்ல மாட்டேன்னாராமே. நீங்க போன்ல சொன்னீங்கன்னு தம்பி சொன்னான், அவனால பம்பை விட்டு வர முடியலியாம்."

"சொல்லலாம்னுதான் நெனச்சேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "போனைக் கையில எடுத்துட்டேன். அப்புறம் அதை உள்ள போட்டுட்டு இதைப் பிடிச்சுக்கிட்டேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. நீ வீட்டுக்குப் போ. இதைப் பாக்காதே."

அவள் போகவில்லை. அவர் இன்னொரு பாதிச் சுற்றைத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் ஓடினார். கால் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெரியவளுக்கு அவர்மேல் அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. குச்சியை இடம் மாற்றியதற்கு, சொல்லாததற்கு, இத்தனை கஷ்டப்பட்டுத் தன் வயலை மூழ்கடிக்கிறதற்கு. இந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டுப் போகத் தன்னால் முடியவில்லையே என்பதற்கும் சேர்த்து.

தூக்கை ஓரமாக வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"தள்ளுங்க," என்றாள்.

"வேண்டாம். நீ இதைச் செய்யக் கூடாது."

"நீங்க இங்க ஒத்தையில தொங்கிட்டிருக்கறப்ப நான் அங்க காயைச் சுண்டிப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியுமா? அந்தப் பக்கம் போங்க."

அவர் அந்தப் பக்கம் போனார். கைப்பிடி அவள் உள்ளங்கையில் சுட்டது. முதல் சுற்று அசைய மறுத்தது, பிறகு அசைந்தது. அவர் கை மேலே போகும்போது இவள் கை கீழே வந்தது. இரும்பு முனகிக்கொண்டே இறங்கியது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அது ஒரு தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. உடம்பு சுற்றிக்கொண்டிருந்தது, மனசு எங்கேயோ போய்விட்டது. நடுவில் நிறுத்தி ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டார்கள். அவர் பிசைந்து அவள் கையில் வைத்தார், அவள் தின்றாள். இருவரும் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் காலடியில் இருந்த நடுக்கம் நின்றது. அவ்வளவு நேரம் இருந்தது என்பதே நின்றபோதுதான் தெரிந்தது. அணைக்குக் கீழே ஆறு மெலிந்து, பாறைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. அன்றைக்கு ராத்திரி வீட்டில் பாத்திரங்கள் வாய் திறக்கவில்லை. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

தண்ணீர் ஓடி வரவில்லை, நின்ற இடத்திலேயே அகலமானது. முதலில் கொடி நுனி நனைந்தது. அடுத்த நாள் இலைகள் தண்ணீருக்கடியில் விரிந்து நின்றன, இன்னும் பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. அதற்கு மறுநாள் காலைப் பனியில் பெரியவள் சாலையில் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, காய்கள் எல்லாம் சேற்றை விட்டு எழும்பியிருந்தன. தர்பூசணி மிதக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொன்றும் தன் கொடியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்மேல் தலையாட்டிக்கொண்டு நின்றது. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர், துணி கட்டிய குச்சிகளின் அடியைத் தொட்டு நின்றிருந்தது. ஒரு விரல் கூட ஏறவில்லை.

ஒரு காயை எட்டிப் பறித்துக் கல்லில் உடைத்தாள். உள்ளே வெளுப்பு, நடுவில் மட்டும் லேசான ரோஜா நிறம். பாதியைத் தின்றாள்.

தம்பி அன்றைக்குச் சாப்பிட வந்தபோது பாட்டில் கொண்டுவரவில்லை. "பம்பு ஒழுங்கா ஓடுதுக்கா," என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று முகத்தைப் பார்த்தான். "ஓடட்டும்டா," என்றாள். கை எப்படியிருக்கிறது என்று கேட்டான். வலியெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். மதகுக்காரரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

சின்னவள் அந்த நாட்களில் ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. இவளும் செய்யவில்லை. பிறகு ஒரு சாயங்காலம், பெரியவள் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா."

"சொல்லுடி."

"வாய்க்கால் காஞ்சிருச்சு. மேல் வயல் எப்படியோ தப்பிச்சது. கீழ் வயல் முழுக்கப் பதரு."

"ம்."

"இங்க எல்லாரும் மதகுல இருக்கறவனைத் திட்டறாங்க. அவன் கை அழுகிப் போகன்னு. நானும் சேந்து திட்டிட்டேன்க்கா. மாமான்னு தெரிஞ்சேதான் திட்டினேன்."

பெரியவள் நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். திட்டு வாங்குவதும் மதகுக்காரர்களின் வேலையில் ஒரு பகுதிதான், அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

"அவரை மட்டும் திட்டாதடி," என்றாள். "அன்னைக்குக் கரண்டு இல்ல. கையாலதான் இறக்கினோம். ஒரு பக்கம் அவரு. இன்னொரு பக்கம் நான்."

போனின் அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்துவது மட்டும் கேட்டது. அது அப்பாவின் தொழுவத்துப் பக்கம் என்று பெரியவளுக்குத் தெரிந்தது.

"உன் பழமெல்லாம்?" என்றாள் சின்னவள் கடைசியில்.

"ஏரில மிதக்குது."

வைத்துவிட்டாள் என்றே பெரியவள் நினைத்தாள். போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

"அக்கா."

"ம்?"

"கை வலிக்குதா?"

பெரியவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கொப்புளங்கள் உடைந்து இன்னும் ஆறாமல், மீன் கழுவிய உப்பு பட்டுச் சிவந்து கிடந்தது.

"வலிக்குதுடி," என்றாள்.